குப்பத்துத் தலைக்கட்டு ஆன இங்கிலீஷ் வாத்தியார்

நான் வெளிநாடு போய் ஆங்கிலம் கற்பித்தவன். இதைச் சொல்லும்போது மார்பு தானாக நிமிரும். எந்த நாடு என்று யாராவது விசாரித்துவிட்டால் தானாகச் சுருங்கும். நான் போன நாடு பழவேற்காடு. சென்னைப் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை வாய்க்கால் படகு, அப்புறம் காட்டுப்பள்ளி மணலில் நடை, கடைசியில் ஒரு தோணி. காலையில் முத்தியால்பேட்டையில் பழைய சோறு சாப்பிட்டுப் புறப்பட்டவன் பொழுது சாய்வதற்குள் அந்நிய தேசத்தில் நின்றேன். இந்தப் பக்கம் ஆங்கிலேயரின் கும்பினிக் கொடி, அந்தப் பக்கம் டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் கொடி. இரண்டுக்கும் நடுவே எல்லைக்காவலாக ஒரு நாய் படுத்திருந்தது. அது என்னைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை. கொட்டாவி விட்டது.

வீட்டில் மட்டும் நான் ஏழு கடல் தாண்டுவதுபோல அழுகை. உண்மையில் நான் தாண்டியது முழங்கால் தண்ணீர். அதையும் தோணிக்காரர் தோளில் உட்கார்ந்து தாண்டினேன். தண்ணீர் என்றால் எனக்கு அவ்வளவு பிரியம்.

ஒல்லாந்தர் ஊரில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊர் சீக்கிரமே ஆங்கிலேயர் கைக்குப் போகப்போகிறது என்று பழவேற்காடு முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. ஒல்லாந்தர் கோட்டை ஏற்கெனவே இடிந்து கிடந்தது. கொடிமரம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. புதிதாக வரும் துரையிடம் முதலில் யார் பேசுகிறாரோ அவருக்குத்தான் வியாபாரம், அவருக்குத்தான் உத்தியோகம் என்று ஒவ்வொரு தெருவும் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் விழுந்த சோற்றைப் பொறுக்கத்தான் நான் வந்தேன்.

என் ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்கார வியாபாரி ஒருவரின் கிடங்கில் நகல் எழுதிக் கற்றது அது. மூட்டை, பீப்பாய், சேதம், தாமதம் ஆகிய நான்கைப் பற்றியும் சரளமாகப் பேசுவேன். மழையைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ பேச வேண்டி வந்தால் அவற்றையும் மூட்டை பீப்பாயாக்கித்தான் பேசுவேன். ஆங்கிலேயருக்கு அது அரைகுறையாகப் புரியும். மற்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஆகவே ஆங்கிலேயர் இல்லாத ஊரில் ஆங்கிலம் கற்பிப்பதுதான் எனக்கு உத்தமம் என்று முடிவு செய்திருந்தேன்.

பாடம் நடத்துவதில் எனக்குக் கவலையே இருக்கவில்லை. எங்கே குடியிருப்பது என்பதுதான் என்னை ஆட்டிப் படைத்தது.

முதலில் கோட்டைத் தெருவுக்குப் போனேன். சுண்ணாம்பு பூசிய சுவர், உயரமான சன்னல். வெளிநாடு வந்தவன் வெளிநாட்டுக்காரர் மாதிரி இருக்க வேண்டாமா? ஒல்லாந்துத் துரைசானி ஒருவர், கணவரை இழந்தவர், தன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஒல்லாந்து மொழி தெரியாது. அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. ஆனால் அந்த அம்மாள் கொல்லையில் பன்றி வளர்த்தார். அக்கம்பக்கத்துச் சட்டைக்காரப் பையன்கள், அதாவது வெள்ளைக்கார அப்பாவுக்கும் நாட்டு அம்மாவுக்கும் பிறந்த வம்சத்துப் பிள்ளைகள், படிக்க வந்தார்கள். மரைக்காயர் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட எட்டிப் பார்க்கவில்லை. நெசவுத் தெருக்காரர்கள் பன்றியோடு மாட்டுக்கறியின் வாசனையையும் சேர்த்துக்கொண்டு இரட்டைக் காரணத்தோடு வராமல் இருந்தார்கள்.

சரி என்று மரைக்காயர் தெருவுக்கு மாறினேன். கப்பல் வியாபாரியான ஒரு மரைக்காயர், பெரிய மனிதர், தன் கிடங்கின் மாடியைக் கொடுத்ததோடு மூன்று வேளையும் சோறு அனுப்பினார். அங்கே எனக்குத் தொப்பை வந்தது. மரைக்காயர் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். ஆனால் சட்டைக்காரப் பையன்கள் நின்றுவிட்டார்கள். நெசவுத் தெரு அப்போதும் வரவில்லை.

அப்புறம் நெசவுத் தெரு. தறியின் தடக் தடக் சத்தத்தில் என் மாணவர்கள் ஆங்கிலத்தைத் தாளம் போட்டுக் கற்றார்கள். தறி நின்றால் அவர்களுக்கு எழுத்து மறந்துபோகும். அங்கே சட்டைக்காரர்கள் நுழையக்கூடாது, மரைக்காயர் பிள்ளைகள் உட்காரக்கூடாது, மீனவர் தெருப்பக்கமே வரக்கூடாது. நடுவில் அனுப்பம்பட்டு நெல் விவசாயி ஒருவர் தன் களத்து வீட்டைக் கொடுக்கிறேன் என்றார். போய்ப் பார்த்தேன். காற்று அருமை. ஆனால் அந்த வட்டாரத்தில் நெல்லுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

ஆக, எந்தத் தெருவில் என் பாயை விரிக்கிறேனோ அந்தத் தெருவின் வாத்தியாராக மட்டும்தான் இருக்க முடிந்தது. வீடு பிடிப்பது என்றால் மாணவர்களைப் பிடிப்பது, அதோடு மற்ற மாணவர்களை விரட்டுவது. பட்டணத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கோ எல்லாத் தெருப் பிள்ளைகளும் வேண்டும். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தெருப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வாத்தியார் வயிறு கழுவ முடியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில் மீன் வாங்க மீனவர் குப்பத்துக் கரைக்குப் போனேன். படகுகள் வந்து சேரும் நேரம். அங்கே கண்ட காட்சியில் மீனை மறந்தேன். மரைக்காயர் தானே வந்து மடவை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தோளோடு தோளாகத் துரைசானியின் சமையற்காரர். அவர் காலை மிதித்துக்கொண்டு நெசவுத் தெருப் பெண்கள். பசியாவரம் தீவிலிருந்து வந்தவர்கள் கூடையோடு நடுவே புகுந்தார்கள். யாரும் யாரையும் தள்ளி நில் என்று சொல்லவில்லை. இறால் குவியலைச் சுற்றி ஊரே ஒரே தெருவாக நின்றது.

நான் பார்த்துக்கொண்டே நின்றிருக்க வேண்டும். மீன் விற்ற ஒரு பெண், பிற்பாடு எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஆனவர், கூடையைத் தட்டினார்.

"இன்னா வாத்தியாரே, மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? நின்னுக்கினே இருந்தா ஈ மொய்க்கும். மீனுக்குச் சொல்லல, உனுக்குச் சொல்றேன்."

"வீடு பார்க்க வந்தேன் அக்கா" என்றேன். அது வாயிலிருந்து வரும்வரை எனக்கே தெரியாது.

குப்பத்துத் தலைவரை நாட்டார் என்பார்கள். ஊர் மொத்தமும் அவரை நைனா என்றே கூப்பிட்டது. அவர் வயதில் பாதிகூட ஆகாதவர்களும் சரி, அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் சரி. அவரிடம் போய், குடிசை ஒன்று வேண்டும், வாடகை எவ்வளவு என்று கேட்டேன்.

"வாடகையா? மணலுக்கு எவன்யா காசு கேப்பான்? காட்டுப்பள்ளிக்குப் பூட்டாங்களே, அவுங்க குடிசை சொம்மாதான் கீது. இருந்துக்க வாத்தியாரே."

"படகுக் கொட்டகையில் பாடம் நடத்திக்கொள்ளலாமா?"

"படகு பகல்ல ஏரியில கீது. கொட்டாய் இன்னா பண்ணும்? நடத்து, நடத்து."

அவ்வளவுதான். இன்னும் என்னென்ன நிபந்தனை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வெளியாள் ஒருவன் குப்பத்தில் குடியிருக்க வருவான் என்று யாரும் யோசித்ததே இல்லாததால் அதற்கு விதியும் இல்லை.

பள்ளிக்கூடம் நிறைந்தது. நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று சொல்லிக்கொள்ளும் சந்தர்ப்பம் என் வாழ்க்கையில் அபூர்வமாதலால் இதை அழுத்திச் சொல்கிறேன். கரைக்கு மீன் வாங்க வந்தவர்கள் கூடவே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கரை யாருடைய தெருவும் இல்லை என்பதால் யாருக்கும் தீட்டு இல்லை. ஈர மணலில் விரலால் எழுத்து. முதல் வரிசை எழுதிக் கடைசி வரிசைக்கு நான் போவதற்குள் நண்டு வந்து திருத்திவிட்டுப் போகும். நான் சத்தமாக ஒன்றைச் சொல்வேன், எல்லாரும் அதையே சத்தமாகத் திருப்பிச் சொல்வார்கள். இதுதான் என் கல்விமுறை. வேறு முறை எனக்குத் தெரியாது. சட்டைக்காரப் பையனும் மரைக்காயர் மகனும் நெசவுக்காரர் பிள்ளையும் குப்பத்துக் குழந்தைகளும் ஒரே மணலில் ஒரே குரலில் "பேரல்! பேரல்!" என்று கத்தும்போது எனக்குக் கண் கலங்கும். பீப்பாய்க்கு அவ்வளவு மரியாதை உலகில் வேறெங்கும் கிடைத்திராது.

ஆடி மாதம் வந்தது. குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் வார்த்தல். நான் உள்ளூர்ச் சந்தையில் என் ஒரு மாதச் சாப்பாட்டுக்காகக் கேழ்வரகு மாவு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். கோயில் முன்னால் பெரிய பானை கொதிக்கிறது. குடும்பத்துக்கு ஒருவராக வரிசையில் வந்து ஆளுக்குக் கொஞ்சம் மாவைப் பானையில் கொட்டுகிறார்கள். நான் மாவு மூட்டையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால் என்ன நினைப்பார்கள்? வாத்தியார் கஞ்சன் என்று பெயர் வந்துவிடாதா? வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் மூட்டையை அவிழ்த்து முழுவதையும் கவிழ்த்தேன்.

துடுப்புப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. பறை நின்றது. அம்மனே என்னைத் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். "ஐயையோ வாத்தியாரே! இன்னா வேலை பண்ணிட்ட!"

"ஏன் அக்கா, குறைவாப் போயிடுச்சா?" என்றேன்.

குறைவு இல்லை. அந்தப் பானையில் மாவு போடும் உரிமை தலைக்கட்டுகளுக்கு மட்டும்தான். தலைக்கட்டு என்றால் குப்பத்தின் கணக்கில் சேர்ந்த குடும்பம். மாவு போட்டவன் தலைக்கட்டு. தலைக்கட்டு ஆனவனுக்கு ஏரியில் பாடு உண்டு. பாடு என்பது மீன்பிடிக்கும் இடமும் அதற்கான முறையும். ஏரியில் நல்ல இடம் கொஞ்சம்தான் என்பதால் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று குப்பம் சீட்டுப் போட்டு எடுக்கும். பிறந்தவர்களுக்கும் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்குமே பார்த்துப் பார்த்துப் பங்கிடும் அந்த ஏரியில், தோணிக்காரர் தோளில் வந்து இறங்கிய நான் ஒரு மூட்டை மாவால் பங்கு கேட்டுவிட்டேன்.

விவகாரம் பேசுவதற்குள் கூழ் கொதித்துவிட்டது. அம்மன் கூழை வீணாக்க முடியுமா? எல்லாரும் குடித்தார்கள். குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கோயில் மரத்தடியில் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார்கள்.

எனக்கு எதிராக எழுந்தவர் பெரிய மீசைக்காரர் ஒருவர். குப்பத்திலேயே கெட்டிக்கார மீனவர். என் பெயரில் ஒரு பாடு போனால் யாராவது ஒருவருக்கு ஒரு நாள் குறையும் என்பது அவர் வாதம். அது நியாயம்தான் என்று எனக்கே பட்டது.

"வெளியாளு நைனா. தண்ணியக் கண்டா வேட்டியத் தூக்கிக்கினு ஓடறாரு. இவுருக்குப் பாடா?"

நாட்டார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "நீ கூழு குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எம்மாம்?"

"ரெண்டு சொம்பு."

"அதுல வாத்தியாரு மாவு இருந்துச்சா?"

மீசைக்காரர் யோசித்தார். "இருந்துக்கும்."

"அப்போ மொதல்ல உன் வவுத்துல கீறத வெளிய எடு. அப்பால அவுர வெளிய தள்ளலாம்."

குப்பமே சிரித்தது. மீசைக்காரரும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. "சரி நைனா. தலைக்கட்டுனா தலைக்கட்டுதான். ஆனா முறைன்னு வந்தா முறைதான். அத்தையும் சொல்லிடு."

நாட்டார் என் பக்கம் திரும்பினார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பாடு விழுந்த நாளில் தலைக்கட்டுக்காரன் தானே ஏரியில் இறங்க வேண்டும். வலைக்கு முதல் கழியைத் தன் கையால் சேற்றில் ஊன்ற வேண்டும். வலை தூக்கும்வரை தண்ணீரை விட்டு ஏறக்கூடாது. ஏறினால் முறை செத்தது, அடுத்த சீட்டுக்காரருக்குப் போகும். முறையைச் சாகவிட்ட வெளியாள் தலைக்கட்டுக் கணக்கிலிருந்தும் போவான்.

"ஆள் வைத்துச் செய்யலாமா?" என்று கேட்டேன்.

"சாமி கும்புட ஆளு வெப்பியா வாத்தியாரே?"

"அப்படியானால் எனக்குத் தலைக்கட்டு வேண்டாம். பழையபடி விருந்தாளியாகவே இருந்துவிடுகிறேன்."

"அது நேத்தோட முடிஞ்சுது. கூழு ஊத்தினவன் எப்டி விருந்தாளி? இனிமே ஒண்ணு தலைக்கட்டு, இல்லாட்டி குப்பத்துல எடம் இல்ல."

குடிசை போகும். கொட்டகை போகும். எல்லாத் தெருவும் உட்காரும் மணலும் போகும். மறுபடி துரைசானியின் பன்றிகளுக்குத்தான் நான் வாத்தியார். அவர்கள் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. ஆனால் ஒன்றை அன்றைக்கே கவனித்தேன். என்னைத் துரத்திவிட்டால் அவர்களுக்கு லாபம். ஏரியில் ஒரு நாள் மிச்சம். துரத்த ஒரு பொய்க் காரணம் சொன்னால் போதும். விழுங்கிய கூழுக்கு மரியாதை கொடுத்து அந்தக் குப்பம் என்னைக் கணக்கில் சேர்த்தது. அந்த ஊரைப் பற்றி நான் பெருமைப்பட ஆரம்பித்தது அந்த மரத்தடியில்தான்.

சீட்டு எடுக்கும் நாளில் ஒவ்வொரு தலைக்கட்டும் தன் அடையாளமாக ஒரு பொருளைப் பானையில் போட்டது. கிளிஞ்சல், ஈயக்குண்டு, தக்கைத் துண்டு. என்னிடம் இருந்தது உடைந்த பலப்பம். பங்கில்லாத உப்பு வியாபாரி ஒருவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவர் கையை விட்டுத் துழாவி முதலில் எடுத்தது என் பலப்பம். முதல் சீட்டு என்றால் முகத்துவாரத்துப் பாடு, ஏரி கடலைச் சேரும் இடம். குப்பத்திலேயே எல்லாரும் கனவு காணும் இடம். எனக்கு அடுத்துப் பானையிலிருந்து வந்தது மீசைக்காரரின் ஈயக்குண்டு. நான் தண்ணீரை விட்டு ஏறினால் அன்றைய வலை அவருடையது.

"கவலப்படாத வாத்தியாரே" என்றார் அவர், மிகவும் அன்பாக. "நீ ஏறுறதுக்கு நான் கையக் குடுக்கறேன்."

படகும் வலையும் பக்கத்து வீட்டு அக்காவின் கணவருடையவை. பிடிப்பில் பாதி அவருக்கு என்று பேச்சு. அவர் வாய் திறப்பது கொட்டாவிக்கும் சோற்றுக்கும் மட்டும்தான். கழி ஊன்ற எனக்குக் கரை மணலில் பயிற்சி கொடுத்தார். பயிற்சி என்றால், நான் ஊன்றுவேன், அது விழும், அவர் பெருமூச்சு விடுவார். என் மாணவர்கள் பாடத்தை விட்டுவிட்டுச் சுற்றி நின்று இதைக் கற்றார்கள்.

என் நாள் வந்தது. விடிகிற வேளையில் முகத்துவாரத்துக்குப் போனோம். பின்னால் மீசைக்காரர் படகு, நாட்டார் படகு, வேலை இல்லாத எல்லாப் படகும். மணல் திட்டில் என் பள்ளிக்கூடம் முழுக்க உட்கார்ந்திருந்தது. மரைக்காயர் குடையோடு வந்திருந்தார். துரைசானி சமையற்காரரை அனுப்பியிருந்தார், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று.

படகிலிருந்து இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது. ஆனால் என் உயிர் கழுத்தில் இருந்தது. கழியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஊன்றினேன். நின்றது! அக்காவின் கணவர் முதல்முறையாக வாயைத் திறந்து, "ம்" என்றார். அவர் வலையை விரித்துக்கொண்டு சுற்றிப் போனார். நான் கழியைக் கட்டிக்கொண்டு நின்றேன். மனைவியைக்கூட யாரும் அப்படிக் கட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் காலடியில் என்னவோ வழுக்கியது. ஓடிவிடலாம் என்று தீர்மானித்தேன். இதை மறைக்கப்போவதில்லை. குடிசை போனால் போகட்டும், உயிர் இருந்தால் பன்றிகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கலாம். காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. முகத்துவாரச் சேறு முழங்கால் வரைக்கும் என்னைப் பிடித்து வைத்திருந்தது. அதற்குமேல் ஒரு கெளுத்தி மீன் தன் முள்ளை என் தொடையில் ஏற்றியது. அந்த வலி எப்படி என்று கேட்காதீர்கள். தமிழ் மறந்துபோயிற்று.

"ஹெல்ப்! ஹெல்ப்!" என்று அலறினேன்.

மணல் திட்டிலிருந்து ஒரே குரலில், உற்சாகமாக, உச்சரிப்புப் பிசகாமல் பதில் வந்தது. "ஹெல்ப்! ஹெல்ப்!"

"ஐயோ! கம்! கம் குவிக்!"

"ஐயோ! கம்! கம் குவிக்!"

சட்டைக்காரப் பையனும் மரைக்காயர் மகனும் நெசவுக்காரர் பிள்ளையும் குப்பத்துக் குழந்தைகளும், நான் சொல்லிக் கொடுத்த முறைப்படி, ஒரு சொல் விடாமல். பெற்றோர்கள் பூரித்துப்போய்ப் பார்த்தார்கள். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. நான் அலற அலற அவர்கள் படித்தார்கள். அன்றைக்கு அவர்கள் கற்ற அளவு மற்ற எந்த நாளும் கற்றதில்லை. பீப்பாய் இல்லாத ஆங்கிலம் எனக்கும் அன்றுதான் வாயில் வந்தது.

வலை தூக்கினார்கள். இறால் கொதித்தது. கழியோடு சேர்த்து என்னையும் சேற்றிலிருந்து பிடுங்கிப் படகில் போட்டார்கள். நாட்டார் எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "முறை செல்லும்!"

மீசைக்காரர் தன் படகை எங்கள் பக்கத்தில் கொண்டுவந்தார். என் வீங்கிய காலைப் பார்த்தார். முள் எடுத்த இடத்தில் தன் மடியிலிருந்த புகையிலையைச் சாறு பிழிந்து தேய்த்தார். அப்புறம் நாட்டாரைப் பார்த்துச் சொன்னார்.

"கெளுத்தி ஏத்திக்கீது நைனா. அப்பவும் ஏறல. அதுவும் போவ, தண்ணிக்குள்ள நின்னுக்கினே பாடம் வேற நடத்துறாரு! இன்னா ஆளுயா இவுரு!"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் கணவர் என் கையைக் கிள்ளினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன். நாட்டார் முதல் கூடை இறாலைக் கோயிலுக்கு ஒதுக்கச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "தலைக்கட்டுக்காரரே, கரைக்குப் போலாமா?" என்றார். வாத்தியாரே என்று கூப்பிடவில்லை. அந்த ஒரு கூப்பிடலுக்கு நான் இன்னொரு கெளுத்திக்கும் காலைக் காட்டியிருப்பேன். சின்னக் கெளுத்தியாக இருந்தால்.

அப்புறம் நான் வீடு தேடவில்லை. சீட்டு சுற்றிச் சுற்றி வரும், என் நாள் வரும், இறங்குவேன், நடுங்குவேன், நிற்பேன். நடுக்கம் ஒருபோதும் போகவில்லை. ஆனால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நடுங்கக்கூடாது என்று முறை எதுவும் கிடையாது.

ஊர் கைமாறும் நாளும் ஒருவழியாக வந்தது. ஆங்கிலேயத் துரை ஒருவர் வந்து இறங்கியிருப்பதாகவும், மறுநாள் காலை ஒல்லாந்தர் கொடியை இறக்கி ஆங்கிலேயர் கொடியை ஏற்றப்போவதாகவும் செய்தி. துரையின் துபாஷி, இரண்டு பாஷையும் தெரிந்த உத்தியோகஸ்தர், பட்டுத் தலைப்பாகையோடு என் குடிசை வாசலுக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். எதிரில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

"ஊரிலே இங்கிலீஷ் தெரிந்தவர் நீர்தானாமே. நாளைக் காலை கொடிமரத்தண்டை வாரும். துரை பேசுவதை ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். கூட்டத்திலே நின்று கத்துவது துபாஷி வேலை இல்லை. சரியாகச் செய்தால் கோட்டைத் தெருவிலே சுண்ணாம்புக் காரை வீடு. இந்த நாற்றத்திலே கிடக்க வேண்டாம்."

காரை வீடு. நான் பட்டணத்திலிருந்து புறப்பட்டபோது கனவு கண்டதெல்லாம் அதுதான். உயரமான சன்னல்கூட இருக்கும். எச்சில் விழுங்கினேன். பக்கத்து வாசலில் அக்கா மீன் ஆய்வதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"நாளைக்கு வர முடியாதே" என்றேன்.

"ஏன்?"

"நாளைக்கு என் பாடு. ஏரியில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வீடு போய்விடும்."

"எந்த வீடு?"

சாய்ந்து நின்ற குடிசையைக் கையால் காட்டினேன். துபாஷி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பைத்தியக்காரனிடம் பேசும் குரலுக்கு இறங்கினார். "துரை கூப்பிட்டு வராவிட்டால் துரைக்கு யாரய்யா பதில் சொல்வது?"

"என் மாணவர்கள் வருவார்கள்" என்றேன். "மரைக்காயர் தெருவிலிருந்து ஒருவன், நெசவுத் தெருவிலிருந்து ஒருவன், கோட்டைத் தெருச் சட்டைக்காரன் ஒருவன், எங்கள் குப்பத்திலிருந்து ஒருத்தி. எந்தத் தெருவுக்கு என்ன சொல்ல வேண்டுமோ அவரவர் சொல்லிக்கொள்வார்கள். துரை மெதுவாகப் பேசினால் போதும். பீப்பாய் பற்றி என்றால் வேகமாகவும் பேசலாம்."

அவர் போனதும் அக்கா கத்தியை மீனில் வைத்துக்கொண்டே சொன்னார். "காரை வூட்டுல மழைக்கு ஒழுகாது வாத்தியாரே. சொம்மா சொல்றேன்."

"தெரியும் அக்கா."

"சரி. நாளைக்கு வெள்ளன எழுப்பறேன்."

மறுநாள் விடியலில் முகத்துவாரத்தில் நின்றேன். கழி நின்றது. வாடைக்காற்று அடித்தது. தூரத்தில் கோட்டை மேட்டில் கூட்டம் தெரிந்தது. ஏதோ ஒரு கொடி இறங்கியதுபோலவும் ஏதோ ஒன்று ஏறியதுபோலவும் இருந்தது. துரையின் குரல் என்னிடம் வரவில்லை. ஆனால் நான்கு இளம் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் மேல் மிதந்து வந்தன. சொல் புரியவில்லை, தொனி புரிந்தது. தடுமாறவில்லை. கடைசியாகக் கேட்டது எங்கள் குப்பத்துப் பெண்ணின் குரல். நால்வரிலும் அதுதான் பெரிய சத்தம்.

நான் எட்டிப் பார்க்க முயன்றேன். கழி சாய்ந்தது.

அக்காவின் கணவர் அன்றைக்கு முழு வாக்கியம் ஒன்று பேசினார். "கழியப் புடி தலைக்கட்டே, கொடிய அப்பால பாக்கலாம்."